வீட்டில் கடல் மீன் தொட்டி: ராமநாதபுரம் கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளியில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்றடி நீளத்துக்கு ஒரு உப்புத் தண்ணீர் தொட்டி இருக்கிறது. எட்டு வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் ஒரு நிமிஷம் மீனைப் பார்ப்பார்கள், அடுத்த நிமிஷம் கேள்வி ஆரம்பித்துவிடும். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று போனிலும் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

தீவுப் பக்கம் கிடக்கிற பவளக் கல்லை எடுத்து வந்து வைக்கலாமா?

கூடாது. செத்துக் கரை ஒதுங்கிய கல்லும் இதில் சேர்த்தி.

கல் பவளங்கள் எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணைக்குள் 2001-ல் வந்துவிட்டன. விசிறிப் பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் சிறை. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளம் என்ன, ஒரு பிடி மணல்கூட எடுக்கக் கூடாது.

"எங்க தாத்தா காலத்துல வீட்டுச் சுவரே இந்தக் கல்லுதானே" என்பார்கள். உண்மைதான். சுண்ணாம்புச் சூளைக்கும் வீடு கட்டவும் வள்ளம் வள்ளமாகப் 'பார்' என்கிற பவளப் பாறைக் கல்லை உடைத்துக் கொண்டுவந்த கரை இது. உடைத்த இடத்தில் மீனும் குறைந்தது. அந்தக் கணக்கை நாம் வீட்டு அலமாரியில் தொடர வேண்டாம்.

பவளத்தைப் பார்க்க ஆசையென்றால் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு போகிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடையில் "வெளிநாட்டுப் பவளம், பயமில்லை" என்கிறார்களே?

வெளிநாட்டுக் கல் பவளமும் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் வாய் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடா வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. நேரில் போய்க் கேட்டு, எழுத்தில் என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். என் தொட்டியில் கல் பவளம் கிடையாது. மீன், இறால், பாசி, நானே செய்த பாறை, அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் அதைப் பவளம் என்றே நினைக்கிறார்கள்.

நீங்களே செய்த பாறையா? எப்படி?

ஒரு பங்கு வெள்ளை சிமெண்ட், மூன்று பங்கு உடைத்த சிப்பி ஓடு. கோழித் தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கிற அதே சிப்பிதான். கூடவே இரண்டு கை கல் உப்பு. புட்டு மாவு பதத்துக்குக் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அதில் அப்பிவிட்டால் கல் மாதிரியே கரடுமுரடாக வரும். இறுகியதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து ஓட்டை ஓட்டையாகும். மீன் ஒளியவும், நல்ல பாக்டீரியா குடியிருக்கவும் அந்த ஓட்டைதான் வேண்டும்.

அவசரம் ஆகாது. புது சிமெண்ட் தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பிஎச்சை, ஏற்றிவிடும். தொட்டிக்கு வெளியே டிரம்மில் ஊறப்போட்டு இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றுங்கள். பிஎச் 8.4-க்கு மேலே ஏறாமல் நிற்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். என் முதல் கல்லை மூன்றாவது வாரமே தொட்டியில் இறக்கி நான்கு நத்தையைக் கொன்றேன்.

வாசலில் கடல். தண்ணீரை மொண்டு ஊற்றினால் போதாதா?

இடமும் நேரமும் தெரிந்து எடுத்தால் போதும். படகுத் துறையில் குடத்தை முக்கி எடுத்தால் டீசலும் ஐஸ் பெட்டி கழுவிய தண்ணீரும்தான் வரும்.

நமக்கு இரண்டு கடல். வாடைக் காலத்தில் வடக்கே பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும், தெற்கே மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அப்படியே தலைகீழ். எது தெளிந்து கிடக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். கரையிலிருந்து தள்ளி, படகிலிருந்து, கடல் ஏறி நிற்கும் நேரத்தில், விடியற்காலையில் எடுப்பது நல்லது. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால் ஐப்பசி மழைக்கு உப்பு இறங்கும், சித்திரை வெயிலுக்கு ஏறும். அளந்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வேட்டித் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் காற்றுக் குமிழி விட்டு இரண்டு மூன்று வாரம் வைத்து, மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது ஞாபகம் இருக்கலாம். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகித் தண்ணீரில் ஆக்சிஜனைக் காலி செய்தது. கடல் நிறம் மாறியிருந்தாலோ இரவில் அலை மினுங்கினாலோ அந்த வாரம் தண்ணீர் எடுக்கவே கூடாது.

முதல் இரண்டு வருஷம் நானும் கடல் தண்ணீர்தான். இப்போது பாக்கெட் உப்புக்கு மாறிவிட்டேன். 35 லிட்டர் கேன் தூக்க முதுகு ஒத்துழைப்பதில்லை.

வாலிநோக்கத்து உப்பை வாங்கிக் கரைத்தால் கடல் தண்ணீர்தானே? ஏன் விலை கொடுத்து வெளியூர் உப்பு?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் பதில் தானாகவே புரியும்.

பாத்தியில் கடல் தண்ணீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படியாது. முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடுகிற உப்பு. அது விளைந்ததும் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். ஆக மூட்டையில் வருவது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும்தான். நல்ல சமையல் உப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் இறால் தோலுரிக்கவும் நத்தை ஓடு வளர்க்கவும் பாறையில் இளஞ்சிவப்புப் பாசி படியவும் அந்தக் கொஞ்சம் இல்லாமல் ஆகாது. மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பில் இவையெல்லாம் கணக்காகச் சேர்த்திருப்பார்கள். அயோடின் கலந்த தூள் உப்பு பக்கமே போகாதீர்கள்.

உப்பைக் கரைக்க எந்தத் தண்ணீர்?

போர் தண்ணீர் ஆகாது. நம் மாவட்டத்துப் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். 20 லிட்டர் கேன் வாங்கினால், கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள். ருசிக்காகத் தாது உப்பு சேர்த்து விற்பதும் உண்டு. நான் வீட்டு ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. குழாய் ஒன்று மாட்டி டி.டி.எஸ்.ஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறேன்.

"குடிதண்ணி வண்டிக்குக் காத்துக் கிடக்கிற ஊர்ல மீனுக்கு ஆர்.ஓ.வா மாப்ள?" என்று மாமா ஒருமுறை கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கழிவாக வெளியேறும் தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் விடுகிறோம். தொட்டியும் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: செம்புக் குடம், பித்தளை அண்டா, பித்தளைக் குழாய் எதுவும் இந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. தாமிரம் துளி கரைந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது. பிளாஸ்டிக் வாளி, அதுவும் சோப்புப் படாத தனி வாளி.

தண்ணீர் ரெடி. நாளைக்கே மீன் விடலாமா?

நாலிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாக ஒரு வகை பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக இன்னொரு வகையும் மாற்ற வேண்டும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்தப் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேறும் வரை தொட்டி வெறும் கண்ணாடிப் பெட்டிதான்.

பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் இதுவும். நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு கல்லோ பில்டர் பஞ்சோ கிடைத்தால் அதுவே உறைமோர். இல்லையென்றால் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுங்கள். அமோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டி ஒரு வாரம் நின்றால் முதல் மீன்.

என்ன மீன் வைக்கலாம்?

கோமாளி மீன் ஒரு ஜோடி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது. நீங்களும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த மீனாகவே கேட்டு வாங்குங்கள். வலையில் பிடித்த மீன் பயத்தில் பத்து நாள் வாயே திறக்காது. பொரிப்பகத்து மீன் வந்த அன்றே தீனிக்கு ஓடி வரும். கடலில் கோமாளி ஒண்டி வாழ்கிற கடல் தாமரையும் அதற்குக் கட்டாயமில்லை.

ஜோடியில் பெரியது பெண். அது செத்துவிட்டால் ஆண் பெண்ணாக மாறிவிடும். என் மகள் பள்ளியில் இதைச் சொல்லி, டீச்சர் நம்பவில்லை என்று அழுதுகொண்டே வந்தாள்.

மூன்றடித் தொட்டிக்கு நாலைந்து சின்ன மீன் போதும். நண்டு வலையில் உயிரோடு சிக்கியது என்று யாராவது பாசமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கிளாத்தி இறாலைக் கடித்துத் துப்பும். பேத்தை எல்லாவற்றையும் கடிக்கும். ஓரா பாசியை அழகாக மேயும், ஆனால் ஒரு முழம் வளரும், முள் குத்தினால் கை கடுத்துப் போகும். நன்றி சொல்லிக் கடலில் விட்டுவிடுங்கள்.

கத்திரி வெயிலுக்கு என்ன செய்வது?

இங்கே தொட்டி வைப்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இதில்தான்.

25 முதல் 27 டிகிரி நல்லது. மீன் மட்டும் என்றால் 29 வரை சமாளிக்கும். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் தண்ணீர் 32-ஐத் தொடும். கடலிலேயே அந்தச் சூட்டைப் பவளம் தாங்குவதில்லை. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது வெப்பம் ஏறித்தான். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறிவிடும். நிறமும் அதோடு போகும்.

தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாதவர்களுக்கு என் வழி: தொட்டி மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேல் படும்படி இரண்டு சின்ன ஃபேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கச்சான் வறட்டுக் காற்றில் நன்றாக வேலை செய்யும், காற்றில் ஈரம் ஏறிய நாளில் ஏமாற்றும். விளக்கைப் பகலில் எரிக்காமல் மாலை 5 மணிக்குப் போட்டு இரவு 12-க்கு அணைக்கிறேன். மீனுக்குப் பகல் எது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். மேற்கு ஜன்னல் ஓரம் தொட்டி வேண்டவே வேண்டாம். ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவது அவசரத்துக்கு மட்டும். ஒரேயடியாகக் குளிர்ந்து மறுபடி சூடேறுவது, நிலையான 29-ஐ விடக் கெடுதல்.

தண்ணீர் வற்றினால் உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?

இல்லை! ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். ஃபேன் ஓடும் நாளில் என் தொட்டியில் மூன்று லிட்டர் வரை குறையும்.

நான் நாலு நாள் மதுரையில் இருந்தபோது அத்தை பார்த்துக்கொண்டார். "உப்புத் தண்ணிதானே குறைஞ்சிருக்கு" என்று டிரம்மில் கரைத்து வைத்திருந்ததைத் தினமும் ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டு மணலில் கிடந்தன. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள கோடு 35-ல் நிற்க வேண்டியது 39-ல் நின்றது. மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். தப்பு அத்தை மேல் இல்லை. இரண்டு டிரம்மையும் ஒரே நிறத்தில் வாங்கி வைத்தது நான். இப்போது உப்புக்கு நீலம், நல்ல தண்ணீருக்கு வெள்ளை.

கரண்ட் போனால்?

உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரை விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும். சூடேறினால் இன்னும் குறையும். ஆகவே மோட்டார் நின்றால் முதல் கவலை மூச்சு. அலை மோட்டார் பத்துப் பதினைந்து வாட்தான், வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

இது எதுவும் என்னிடம் இல்லாத ஒரு கார்த்திகை மாதம் புயலுக்குப் 14 மணி நேரம் கரண்ட் இல்லை. நடுராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தால் பெரிய கோமாளி மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எவர்சில்வர் சொம்பால் மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றினேன். மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி. நானும் மனைவியும் மாற்றி மாற்றி விடியும் வரை. ஒன்றும் சாகவில்லை.

பிளக் பாயிண்டைத் தொட்டியை விட உயரத்தில் வையுங்கள். ஒயர் தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிகிற சொட்டு பிளக்குக்குள் போகாது. ஷாக் அடித்தால் தானே அணைக்கும் பிரேக்கர் கட்டாயம். ஸ்டாண்டுக்கு இரும்பு வேண்டாம், நம் உப்புக் காற்றுக்கு இரண்டு வருஷம் தாங்காது. செங்கல் வைத்து மேடை கட்டிவிடுங்கள்.

கண்ணாடியெல்லாம் பழுப்பாகப் படிகிறதே?

முதல் மூன்று மாதம் அப்படித்தான். துடைத்துவிட்டுப் பொறுங்கள். அதன் பிறகும் பச்சை முடி மாதிரி வளர்ந்தால் தீனி அதிகம் என்று அர்த்தம். இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒரு தடவை.

மேல் தொட்டித் தண்ணீர் சுற்றி வருகிற என் கீழ்த்தொட்டியில் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி வளர்க்கிறேன். பாசி எடுக்கிற அக்கா ஒருவர் ஒரு கைப்பிடி பச்சையாகக் கொடுத்தார். தண்ணீரிலுள்ள நைட்ரேட்டை அது தின்றுவிடும், மேல் தொட்டியில் பாசி குறையும். மாதம் ஒரு தடவை பாதியைக் கத்தரித்து எடுக்க வேண்டும், எடுத்தால்தான் அழுக்கு வெளியே போகும்.

மீன் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி.

கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி. புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது அடியில் விழுந்து, கூடு கட்டி, பெருகித் திரும்ப வரும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே தாமிர மருந்து கொடுக்க வேண்டும், பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விடக் கூடாது. பெரிய தொட்டி இரண்டரை மாதம் மீன் இல்லாமல் கிடக்கட்டும். இந்தத் தலைவலி வேண்டாமென்றால் புது மீன் எதுவானாலும் ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் கால்சியம் கிடைக்குமாமே?

யோசனை சரி, பொருள் சரியில்லை. உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் பலர் சுண்ணாம்புத் தெளிநீர் விடுகிறார்கள். லிட்டருக்கு ஒன்றரை கிராம் சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு, கலக்கித் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும், இரவில், சொட்டுச் சொட்டாக. அதன் பிஎச் 12-க்கு மேல், மொத்தமாக ஊற்றினால் மீன் வெந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மீனும் நத்தையும் மட்டும் உள்ள தொட்டிக்கு இதெல்லாம் தேவையும் இல்லை, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினாலே கால்சியம் வந்துவிடும்.

கொசுவத்தி, சாம்பிராணி?

கொசு, கரப்பான் ஸ்பிரே அந்த அறையிலேயே அடிக்காதீர்கள். பூச்சியும் இறாலும் உறவுக்காரர்கள், அதைக் கொல்வது இதையும் கொல்லும். காற்றுப் பம்பு அறையின் புகையை அப்படியே தண்ணீருக்குள் தள்ளும் என்பதால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி எங்கள் வீட்டில் அடுப்படியோடு சரி.

தினமும் எவ்வளவு நேரம் ஆகும்?

காலையில் ஐந்து நிமிஷம்: வெப்பம் பார்த்து, தண்ணீர் நிரப்பி, மீனை எண்ணி. எண்ணுவது முக்கியம், ஒன்று பாறைக்குள் செத்துக் கிடந்தால் அமோனியா ஏறும். இரண்டு நாளுக்கொரு தடவை, அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கப்பைக் கழுவ வேண்டும். கடுங்காப்பி நிறத்தில், கருவாட்டு நாற்றத்தோடு நுரை சேர்ந்திருக்கும். வாரம் ஒரு மணி நேரம் தண்ணீர் மாற்ற. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிற உப்பை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு ஒயரில் ஏறும்.

ஊருக்குப் போனால் யார் பார்ப்பது?

நல்ல மீன் மூன்று நாள் பட்டினியில் சாகாது. பக்கத்து வீட்டார் அன்பில் போடுகிற ஒரு கைப்பிடி தீனியில் சாகும். நாள்வாரியாகத் தீனியைச் சின்னச் சின்னத் தாளில் மடித்து, கிழமை எழுதி வைத்துவிட்டு, டப்பாவை ஒளித்துவிட்டுக் கிளம்புங்கள். அத்தைக்கும் இப்போது அப்படித்தான். வெள்ளை டிரம் மட்டும் வெளியே இருக்கும்.